நூற்றைம்பதாவது ஞாயிறு

— அந்தப் பெட்டியைத் தொடாதேன்னு சொன்னேன்.

— தொட்டா என்ன, ஷாக் அடிக்குமா? மேல என் கையெழுத்துல எழுதியிருக்கு பாரு. 'நம்ம லிஃப்ட் சாமான்'. உன் சாமான்னு எழுதல.

— பதினோரு வருஷமா இந்த 'நம்ம' எங்க போயிருந்துச்சு, டீச்சரம்மா?

— என்னை டீச்சரம்மான்னு கூப்பிடாதே. ஸ்கூல்ல நாப்பது பிள்ளைங்க கூப்பிடறது போதும். நான் உன் கூடப் பொறந்தவ.

— அடேங்கப்பா! அது ஞாபகம் இருக்கா?

— உன் மூஞ்சியைப் பாக்க வரல நான். நேத்து அம்மா சொன்னாங்க. நாளைக்கு உன் அண்ணன் வேலை மாத்திக்கிட்டு ஊரை விட்டே போறான், எப்ப திரும்புவான்னு தெரியாது, உன் சாமான் ஏதாவது கிடந்தா போய் எடுத்துக்கோன்னாங்க. வந்தேன்.

— தாராளமா எடுத்துக்கோ. தையல் மிஷின் உன்னுது. பீரோவுல உன் சர்டிபிகேட்டு எல்லாம் கிடக்கு. போட்டோ ஆல்பமும் எடுத்துக்கோ, எனக்கு எதுக்கு? பெட்டி மட்டும் என்கூட வருது. கீழ லாரிக்காரன் நிக்கிறான், சீக்கிரம் ஆகட்டும்.

— எனக்குப் பெட்டிதான் வேணும். சரி, பெட்டி வேண்டாம், உள்ள இருக்கற நோட்டையாவது குடு. அது முழுக்க நான் எழுதினது. நூத்து நாப்பத்தொம்பது ஞாயித்துக்கிழமை, டிவி முன்னாடி உக்காந்து! யார் எத்தனை மணிக்கு லிஃப்ட்ல ஏறினா, எந்த மாடியில எறங்கினா, எவன் கையில என்ன பை, எல்லாம் சிவப்பு மையில நான் எழுதினேன். நீ பண்ணினது படம் வரைஞ்சது ஒண்ணுதான். அதுவும் இன்ஸ்பெக்டரம்மா மூக்கை உருளைக்கிழங்கு மாதிரி வரைஞ்சு வெச்சே.

— மூக்கெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு.

— நோட்டைக் குடு.

— மாட்டேன்.

— எதுக்கு உனக்கு அது? பெட்டியை அப்படியே கட்டித் தூக்கிட்டுப் போய் புது வீட்டுல கட்டிலுக்கு அடியில தள்ளப் போறே. எனக்கு ஒரு பொண்ணு இருக்கா, தெரியுமா உனக்கு? எட்டு வயசு. 'மூணாம் நம்பர் லிஃப்ட்'னா என்னம்மான்னு கேக்கறா. ஒரு லிஃப்ட்டுல ஏழு பேர் ஏறினாங்கடி, மேல போய்க் கதவு தெறந்தா ஆறு பேர்தான் இருந்தாங்க, லிஃப்ட்மேனைக் காணோம், அவனை இன்ஸ்பெக்டரம்மா மூணு வருஷம் தேடினான்னு சொன்னேன். வாயைப் பொளந்துக்கிட்டு உக்காந்திருந்தா. அவளுக்குக் காட்டத்தான் கேக்கறேன்.

— அவ அப்பன்கிட்ட கேக்கச் சொல்லு. அவனுக்குத்தான் எல்லாக் கதையும் முன்கூட்டியே தெரியுமே.

— வந்துட்டியா அங்க?

— வராம? இந்த ஹால்லதான், இதோ நீ நிக்கிற இடத்துலதான் நாற்காலி போட்டு உக்கார வெச்சோம். மாப்பிள்ளையாச்சேன்னு அம்மா ஓடி ஓடிக் கவனிச்சாங்க. அந்த ஆளு என்ன பண்ணினான்? டீயை உறிஞ்சிக்கிட்டே, 'ஓ, நீங்களும் இதைப் பாக்கறீங்களா? எங்க ஆபீஸ்ல ஒருத்தனோட மச்சான் இதுல எடிட்டரு, வர்ற ஞாயித்துக்கிழமை வாட்ச்மேனைக் கைது பண்றாங்க'ன்னான். சிரிச்சுக்கிட்டே சொன்னான்!

— தெரியாம சொல்லிட்டாரு.

— மூணு வருஷம்! ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணின்னா நம்ம வீட்டுல தண்ணி குடிக்கக்கூட எவனும் எழுந்திரிக்க மாட்டான். வாட்ச்மேன்தான்னு நானே கண்டுபிடிச்சு நோட்டுல எழுதி, நீ டாக்டருதான்னு எழுதி, ரெண்டு பேரும் பந்தயம் கட்டியிருந்தோம். ஒத்தை வாயில ஊதி அணைச்சுட்டான்.

— அதுக்காக ஒரு மனுஷனை மாடிப்படி வரைக்கும் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளிட்டுப் போவியா? டீ கிளாஸ் அவர் சட்டையிலயே கவுந்துச்சு. நான் கட்டிக்கப் போறவர் அவரு! தெருவே வேடிக்கை பாத்துச்சு. ஒரு டிவி சீரியலுக்காக!

— டிவி சீரியலா? நீ சொல்றியா இதை? நீ?

— ஆமா, நான்தான் சொல்றேன்.

— எனக்கு மஞ்சக்காமாலை வந்து மூணு வாரம் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப மூணு எபிசோடையும் டேப்புல பதிஞ்சு வெச்சுட்டு, காலேஜ்ல எவளாவது கதையைச் சொல்லிடுவாளோன்னு காதுல பஞ்சை வெச்சுக்கிட்டுப் போனது யாரு? வெறும் டிவி சீரியலுக்காகவா?

— சீரியலுக்காக இல்ல. ஒருத்தர் இல்லாம ஒருத்தர் பாக்கறதில்லைன்னு பேச்சு. நான் பேச்சைக் காப்பாத்தறவ.

— அது சரி. பேச்சைக் காப்பாத்தித்தான் வியாழக்கிழமை பையைத் தூக்கிக்கிட்டு அவன் பின்னாடி போனே. இன்னும் ஒரே ஒரு எபிசோடு பாக்கி. மூணு நாள் பொறுக்க முடியல உனக்கு.

— 'அவன்தான் வேணும்னா இப்பவே போ, இந்தப் படியேறி வராதே'ன்னு சொன்னது யாரு?

— கோவத்துல ஆயிரம் சொல்லுவேன்.

— ஆயிரம் சொல்லுவே. மன்னிப்புன்னு ஒண்ணு மட்டும் உன் வாயில வராது. சின்ன வயசுலருந்தே அப்படித்தான். பேங்க் பரிட்சை எழுதறேன்னு அம்மாகிட்ட புஸ்தகம் எல்லாம் வாங்கிட்டு, அந்த சீரியலைப் பாத்துட்டு லிஃப்ட் மெக்கானிக் வேலையில போய்ச் சேந்தே. அம்மா ஒரு வாரம் அழுதாங்க. மன்னிப்பு கேட்டியா? லிஃப்ட்டு எப்படி மேல போகுதுன்னு அவங்களுக்கே பாடம் எடுத்தே.

— அந்த வேலைச் சம்பளத்துலதான் அம்மாவுக்கு ஆபரேஷன் பண்ண வெச்சேன், தெரிஞ்சுக்கோ. நீ எங்க இருந்தே அப்ப?

— ஆஸ்பத்திரி வாசல்ல இருந்தேன். நீ சாப்பிடப் போற நேரம் பாத்து உள்ள போவேன். நீ வர்றதுக்குள்ள வெளிய வந்துருவேன். ஒரு போனை எடுக்கத் துப்பில்லாத ஆளு எதிர்ல நான் எதுக்கு நிக்கணும்?

— எந்தப் போனு?

— ஆமா, எந்தப் போனுன்னுதான் கேப்பே. விடு. கல்லுகிட்ட பேசி என்ன ஆகப் போகுது?

— இந்த ஜாடைப் பேச்சு எல்லாம் உன் வீட்டுக்காரன்கிட்ட வெச்சுக்கோ. கேட்டுக்கோ, நீ போயிட்டா நான் உக்காந்து அழுவேன்னு நெனச்சியா? அந்தக் கடைசி எபிசோடை அந்த ஞாயித்துக்கிழமையே பாத்துட்டேன். இந்த சோபாவுல, கால் மேல கால் போட்டுக்கிட்டு, வேர்க்கடலை கொறிச்சுக்கிட்டு.

— தெரியும்.

— என்ன தெரியும்?

— நீ பாத்தேன்னு தெரியும். பாக்காமயா இருப்பே?

— உனக்குக் கோவம் வரலையா?

— இல்ல.

— பேச்சை மீறினேன்னு சொல்றேன், கல்லு மாதிரி நிக்கிறே? சரி, முடிவு என்னன்னு சொல்லட்டுமா? சொல்லிடுவேன். அன்னிக்கு அவன் எனக்குப் பண்ணினதை இன்னிக்கு நான் உனக்குப் பண்றேன். காதைப் பொத்திக்கணும்னா பொத்திக்கோ.

— பொத்தல. சொல்லு பாப்போம்.

— இன்ஸ்பெக்டரம்மா செத்துப் போயிடறா.

— எப்படி?

— எப்படின்னா... மூணாம் நம்பர் லிஃப்ட்டுல ஏறறா. பதினோராவது மாடிக்கிட்ட வரும்போது ரோப்பு அறுந்துடுது. டமால்னு கீழ வந்து விழுது. அவ்வளவுதான். லிஃப்ட்மேன் என்ன ஆனான்னு கடைசி வரைக்கும் தெரியவே இல்ல. நீ மூணு வருஷம் சிவப்பு மையில எழுதினதெல்லாம் வீண். போதுமா?

— பொய்.

— எது பொய்?

— எல்லாமே பொய். ரோப்பு அறுந்துச்சா? நீயா சொல்றே? எந்தப் படத்துல லிஃப்ட்டு அறுந்து விழுந்தாலும், 'ஒரு லிஃப்ட்டுக்கு ஆறு ரோப்பு, அஞ்சு அறுந்தாலும் ஒண்ணு தாங்கும்டா மடையனுங்களா'ன்னு தியேட்டர்ல எழுந்து நின்னு கத்தறவன் நீ. அவ சாகறதாவது! அப்படி முடிச்சிருந்தா நீ டிவியை ஒடைச்சிருப்பே.

— நான் பாத்ததைத்தான் சொல்றேன்.

— மண்ணாங்கட்டி. அவ சாகவே இல்ல. எல்லாம் முடிஞ்சதும் வாட்ச்மேன் பொண்டாட்டி வீட்டுக் கதவைத் தட்டி, அந்த லிஃப்ட்டுச் சாவியை அவ கையில குடுக்கறா. ஒரு வார்த்தை பேசல. அந்தம்மா, 'லிஃப்ட்டு வேலை செய்யுதும்மா, அதுலயே போங்க'ங்கறா. இவ தலையை மட்டும் ஆட்டிட்டு, லிஃப்ட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்காம படியில எறங்கிப் போறா.

— படியிலயா?

— படியிலதான்.

— பன்னெண்டு மாடியும்?

— பன்னெண்டு மாடியும். அவ தாண்டினதும் ஒவ்வொரு மாடியிலயும் விளக்கு அணைஞ்சுக்கிட்டே வருது. அப்ப அந்தப் பாட்டு வருது, நம்ம பாட்டு. மேளம், வயலின் எதுவும் கிடையாது, வெறும் குரல். அந்தக் குரலும் அவ செருப்புச் சத்தமும் மட்டும்தான்.

— வெறும் குரல்லயா போட்டான்? அடப்பாவி! நான் சொன்னேன்ல, அந்த மியூசிக்காரன் ஒரு நாள் வாத்தியத்தை எல்லாம் தூக்கிப் போட்டுட்டு வெறும் குரல்ல போடுவான்னு சொன்னேன்ல?

— சொன்னே. நோட்டுல இருக்கு, தொண்ணூத்தி ரெண்டாவது வாரம்.

— அப்புறம் லிஃப்ட்மேன்? மேல மோட்டார் ரூம்லதான இருந்தான்? நான் சொன்ன இடத்துலதான?

— என்னை வெச்சு வேடிக்கை பண்றியா? நீதான் பாத்தேன்னியே.

— நீ எப்ப பாத்தே?

— நோட்டைக் குடு, நான் கிளம்பறேன்.

— கேக்கறேன்ல? பேச்சைக் காப்பாத்தறவ! காதுல பஞ்சு வெச்சவ! எப்ப பாத்தே?

— கத்தாதே. அந்த ஞாயித்துக்கிழமைதான் பாத்தேன்.

— அவன்கூட.

— அவர் அப்ப வெளிய போயிருந்தார். அவங்க அம்மா சமையல்கட்டுல இருந்தாங்க. புது வீடு, யார்கிட்டயும் பேச்சு வரல. பத்து மணிக்கு, சீரியல் ஆரம்பிக்கற அந்த மணிச் சத்தம் கேட்டுச்சு, பக்கத்து வீட்டு டிவியில. கை தானா போய் ஸ்விட்சைப் போட்டுடுச்சு.

— நான் இல்லாம பாத்திருக்கே.

— நீ இல்லாம இல்ல! அங்க அண்ணனும் இந்நேரம் சோபாவுல உக்காந்து பாத்துட்டு இருப்பான், அதே பத்து மணி, அதே எபிசோடு, ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் பாக்கறோம்னு நெனச்சுக்கிட்டேன். அதனாலதான் பாத்தேன். இல்லைன்னா பாத்திருப்பேனா? சத்தியமா பாத்திருக்க மாட்டேன். நடுவுல ஒரு விளம்பரம் வந்துச்சு. அப்ப ஓடிப் போய் இந்த வீட்டுக்குப் போன் பண்ணினேன்.

— என்னது?

— நடிக்காதே. அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில ஞாயித்துக்கிழமை டூட்டி, வீட்டுல நீ மட்டும்தான் இருப்பேன்னு தெரியும். மூணு விளம்பரத்துக்கு மூணு தடவை பண்ணினேன். பேசக்கூட வேண்டாம், எடுத்து டிவிகிட்ட வெச்சான்னா போதும், ரெண்டு பக்கமும் ஒரே சத்தம் கேக்கும்னு நெனச்சேன். முழுசா அடிச்சு அடிச்சு ஓய்ஞ்சுது. நீ எடுக்கல. டிவி முன்னாடி உக்காந்துக்கிட்டு, அடிக்கறது நான்தான்னு தெரிஞ்சே எடுக்கல. தங்கச்சி செத்தா என்னன்னு விட்டுட்டே. அன்னியோட எனக்கு அண்ணனே இல்லைன்னு முடிவு பண்ணிட்டேன். பதினோரு வருஷம் ஆகுது. இப்ப சொல்லு, யார் பேச்சை மீறினது?

— அந்தப் பெட்டியைப் பிரி.

— தொடாதேன்னியே?

— பிரின்னா பிரி. உன்கிட்ட கத்திரி இல்லையா? கையால கிழி.

— நோட்டு. டேப்பு எல்லாம். இது என்ன, டிஸ்க்கா? சீரியல் முழுசும் வாங்கினியா? கருமம், எப்படி வெச்சிருக்கே, எல்லாமே கீறல். இத்தனை தடவையா போட்டுப் பாத்தே?

— கடைசியில ஒண்ணு இருக்கும். எடு.

— பன்னெண்டாவது டிஸ்க்கு. இதுல பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கல.

— ஆமா.

— அப்ப நீ... அண்ணா, அப்ப அன்னிக்கு சோபாவுல, வேர்க்கடலைன்னு சொன்னது?

— நான் வேலை பாக்கற எடத்துல எவனாவது அந்தக் கதையை எடுத்தா எழுந்து வெளிய போயிடுவேன். ரெண்டு பேரை அடிச்சிருக்கேன். உன்கூட உக்காந்து பாக்கறதுக்கு முன்னாடி எவனும் எனக்குச் சொல்லிடக் கூடாதுன்னு பதினோரு வருஷம் காத்தேன். கடைசியில நீயே சொல்லிட்டே.

— நான் மூணு தடவை போன் பண்ணினேனே!

— அடிச்சிருக்கும். எடுக்க வீட்டுல ஆளு இல்ல. கல்யாணத்தையே விட்டாலும் விடுவா, கடைசி எபிசோடை விடமாட்டா, பத்து மணிக்குள்ள எப்படியும் வந்துருவான்னு, அன்னிக்குக் காலைல எட்டு மணியிலருந்து மத்தியானம் வரைக்கும் நான் பஸ் ஸ்டாப்புல நின்னுட்டிருந்தேன்.