வியாழன், பதினொரு மணி

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, எங்கள் குழுவின் மருத்துவர் அவர்களே, தொலைவிலிருந்து வந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே, முன்வரிசையில் கைக்குட்டையைச் சுருட்டிப் பிடித்தபடி அமர்ந்திருக்கும், நம் டைம்கீப்பர் ஐயாவின் மனைவியான என் அண்ணி அவர்களே, ஏரிக்கரை ஊர்களிலிருந்து வந்திருக்கும் உறவுகளே, ஏழு மாதமாக என்னோடு சேற்றில் நடந்த தொண்டர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

பேசுவோர் பட்டியலில் என் பெயர் ஏழாவதாக இருக்கிறது. முந்திக்கொண்டு வந்து ஒலிபெருக்கியைப் பிடித்துவிட்டேன். தலைவர் என்னை முறைப்பது தெரிகிறது. முறைக்கட்டும். இருபத்தெட்டு ஆண்டு நர்ஸ் வேலை பார்த்தவளுக்கு முறைப்பு ஒன்றும் புதிதல்ல. என் கைக்கடிகாரத்தில் மணி பத்து ஐந்து. பத்தே காலுக்கு நான் இங்கிருந்து கிளம்பியாக வேண்டும். ஏன் என்று சொல்வதுதான் இன்று என் இரங்கல் உரை.

இந்த மண்டபத்துச் சுவர்க்கடிகாரத்தைப் பாருங்கள். நாலு பத்தில் நிற்கிறது. என்றைக்கு நின்றதோ தெரியாது. நம் டைம்கீப்பர் ஐயா இங்கே இருந்திருந்தால் இந்நேரம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறியிருப்பார். "ஓடாத கடிகாரத்த எதுக்குய்யா மாட்டி வச்சிருக்கீங்க, ஆளை ஏமாத்தவா?" என்று காவலாளியிடம் சண்டை பிடித்திருப்பார். ஒன்பது மணிக்குக் கூட்டம் என்று அச்சடித்துவிட்டு, விருந்தினருக்காகக் காத்திருந்து பத்து மணிக்குத் தொடங்கியிருக்கிறோம். தன்னுடைய இரங்கல் கூட்டம் என்றுகூடப் பார்க்காமல் அவர் எழுந்து போயிருப்பார்.

முப்பத்திரண்டு ஆண்டு பேருந்து நிலையத்தில் டைம்கீப்பராக இருந்தவர் அவர். எந்த வண்டி எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்று பார்த்து விசில் அடிப்பது வேலை. ஓய்வு பெற்ற மறு வருடம் ஏரிக்கரை உடைந்தது. ஒரே பிற்பகலில் ஐந்து ஊர்கள் சேறாகிப் போயின. பள்ளிக்கூட அறையில் தொண்டர்களைச் சேர்த்தபோது, உனக்கு என்ன தெரியும், உனக்கு என்ன தெரியும் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தோம். இவர் முறை வந்தது. "எனக்கு ஊசி போடத் தெரியாது. சமைக்கத் தெரியாது. ஆறுதல் சொல்லவும் வராது, வீட்டுல கேட்டுப் பாருங்க. மணி பாக்கத் தெரியும்" என்றார். அறையே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

அவையோரே, அந்த நாட்களில் நாம் எதைக் கொடுக்கவில்லை? அரிசி கொடுத்தோம். போர்வை கொடுத்தோம். மாத்திரை, தார்ப்பாய், குடிதண்ணீர், எல்லாம் கொடுத்தோம். மனம் விட்டுப் பேச ஆலோசகர்களைக் கொண்டு வந்தோம், மறுபடி விதைக்க விதை கொண்டு வந்தோம். "உடல், உள்ளம், வாழ்வு, முழுமையான பராமரிப்பு" என்று பெரிய பதாகை கட்டினோம். அந்தப் பதாகையின் கீழே இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு இவர் கேட்டார்: "எல்லாம் சரி சிஸ்டர். இதுல கிழமை எங்க போட்டிருக்கு?"

எனக்கு எரிச்சலாக வந்தது. வேலை தலைக்கு மேல் கிடக்கும்போது கிழமையாவது ஒன்றாவது. ஆனால் முகாமிலும் மிஞ்சிய வீடுகளிலும் இருந்தவர்கள் எங்களிடம் அதிகம் கேட்ட கேள்வி எது தெரியுமா? சாப்பாடு எப்போது என்பதல்ல. "இன்னைக்கு என்ன கிழமைங்க?" என்பதுதான். வீட்டோடு கடிகாரமும் நாள்காட்டியும் போயிருந்தன. நாங்களும் வருவோம், எதையாவது கொடுப்போம், போவோம். மறுபடி எப்போது வருவோம் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னாலும் அது வாய்க்கு வந்ததாக இருந்தது. அதனால் எந்நேரமும் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். பயந்து போனவர்களை நாங்கள் காக்கவும் வைத்தோம்.

டைம்கீப்பர் ஐயா ஒரு பெட்டி சாக்பீஸ் வாங்கினார். ஒவ்வொரு வீட்டுக் கதவிலும், கதவு இல்லாத வீட்டில் தகரத்திலும், யார் வருகிறார்கள், என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று எழுதினார். எழுதியபடி ஆள் போகவில்லை என்றால் எங்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். டாக்டருக்கே திட்டு விழுந்திருக்கிறது. டாக்டர் சிரிக்கிறார், பாருங்கள். "பஸ் ஸ்டாண்டு போர்டு" என்று நாங்கள் கேலி செய்தோம். ஒரு மாதத்தில் மக்கள் தூங்க ஆரம்பித்தார்கள். மாத்திரையால் என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம்.

இப்போது நான் சொல்லப் போவது எனக்குப் பெருமை தருவதல்ல. சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்கினால் அது என்னை விடாது.

ஐந்து ஊர்களில் கடைசி ஊருக்கும் அப்பால், மேட்டில் ஒற்றை வீடு. ஆட்டுக்காரம்மா வீடு. வெள்ளத்தன்று அவர் கணவருக்கு மண்டையில் அடி. டிராக்டரில் இடமில்லை என்று கணவரை மட்டும் ஏற்றிக்கொண்டார்கள். "திரும்பி வந்து உங்கள ஏத்திக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கணவர் வழியிலேயே இறந்தார். டிராக்டர் திரும்பவில்லை. அந்த அம்மா மறுநாள் நண்பகல் வரை பாதையைப் பார்த்தபடி நின்றிருக்கிறார், தகரம் கிழித்த குதிகாலோடு. மூன்றாம் நாள் நான் போய்ச் சேர்ந்தேன். காயத்தைக் கழுவிக் கட்டினேன். உடம்பில் சர்க்கரை இருக்கிறது, தினமும் கட்டு மாற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியும். "நாளைக்குக் காலையில வந்து மாத்துறேன்மா" என்று என் வாயால் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்து, "வருவீங்கல்ல?" என்று கேட்டார். "கண்டிப்பா" என்றேன்.

பத்து நாள் கழித்துப் போனேன். காரணம் இருந்தது, வேறு ஊரில் வாந்திபேதி. காரணம் யாருக்குத்தான் இல்லை? அந்த டிராக்டர்காரனுக்கும் ஒரு காரணம் இருந்திருக்கும். நான் போனபோது காயம் அழுகத் தொடங்கியிருந்தது. அந்த அம்மா என்னைத் தொட விடவில்லை. திட்டவும் இல்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதன்பிறகு யாரிடமும் பேச்சில்லை, எந்த வண்டியிலும் ஏறுவதில்லை.

அழுதுகொண்டே வந்து டைம்கீப்பர் அண்ணனிடம் சொன்னேன். அவர் என்னைத் தேற்றவில்லை. "தப்பு பண்ணிட்டீங்க சிஸ்டர்" என்றார். அவ்வளவுதான். அந்த வியாழக்கிழமை அவரே கிளம்பிப் போனார். "வியாழன், மணி பதினொண்ணு, வந்துட்டேம்மா" என்று வாசலில் நின்று சொன்னார். தான் ஓய்வு பெற்ற நாளில் சக ஊழியர்கள் கொடுத்த சுவர்க்கடிகாரத்தை அங்கே மாட்டினார். கவிழ்த்துப் போட்ட வாளியில் கால்மணி நேரம் உட்கார்ந்தார். மருந்தையும் பஞ்சையும் வைத்தார். கதவில் அடுத்த வியாழன் பதினொன்று என்று எழுதினார். வந்துவிட்டார். இப்படிப் பத்து வாரம். ஒரு சொல் பேச்சில்லை. "சுவத்துகிட்ட போய் உக்காந்துட்டு வர்றீங்களேண்ணே" என்று நம் ஓட்டுநர் தம்பி கிண்டல் செய்வார். அதோ கடைசி வரிசையில் இருக்கிறார். அன்றைக்கு அப்படிச் சொன்னவர் இன்று தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார்.

பதினோராம் வாரம் நல்ல மழை. வண்டி பாதி வழியில் புதைந்துவிட்டது. அறுபது வயது மனிதர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போயிருக்கிறார். நெஞ்சு இளைக்க வாசலில் நின்று வாய் திறப்பதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏழு நிமிசம் லேட்டு."

அவ்வளவுதான் சொன்னார் அந்த அம்மா. நனைந்த கோழி மாதிரி முகாமுக்கு வந்து சேர்ந்த இவர், லாட்டரி விழுந்தவர்போல ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னார். "என்னையே லேட்டுன்னு சொல்லிட்டாங்க சிஸ்டர்! முப்பத்திரண்டு வருசத்துல என்னை ஒருத்தர் லேட்டுன்னு சொன்னது இதான் முதல் தடவ!" அடுத்த வாரம் என்னையும் அழைத்துப் போனார். அந்த அம்மா காலை நீட்டினார். நான் கட்டு மாற்றினேன். என் முகத்தை அவர் பார்க்கவில்லை. அதைக் கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

மணி பத்து பதினொன்று. சுருக்கமாக முடிக்கிறேன்.

காயம் ஆறுவதும் திறப்பதுமாக இழுத்துக்கொண்டே வந்தது. போன வாரம் டாக்டர் பார்த்துவிட்டு, எலும்பு வரை போய்விட்டது, பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போகவில்லை என்றால் பாதத்தை எடுக்க வேண்டியிருக்கும் என்றார். வண்டி என்றதும் அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டார். டைம்கீப்பர் ஐயா வாளியில் உட்கார்ந்திருந்தார். வற்புறுத்தவில்லை. அந்த அம்மாதான் கேட்டார்: "நீங்க கூட வருவீங்களாண்ணே?"

"வருவேன். பக்கத்துலயே உக்காந்து வருவேன்."

"அப்ப அடுத்த வியாழன் வண்டி கொண்டாங்க. துணியெல்லாம் எடுத்து வைக்கணும்."

இவர் எழுந்து கதவில் எழுதினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். "வியாழன் 11. வண்டி. பெரிய ஆஸ்பத்திரி." கொஞ்சம் யோசித்துவிட்டு, கீழே இன்னும் ஒரு சொல் எழுதினார். "நானும்."

சனிக்கிழமை காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார். அண்ணி தண்ணீர் கொண்டு வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

இன்று என்ன கிழமை, அவையோரே?

விருந்தினருக்கு இன்றுதான் தோதான நாள் என்றார்கள், கூட்டத்தை வைத்துவிட்டார்கள். மருத்துவர் இங்கே, ஓட்டுநர் இங்கே, நான் இங்கே. எல்லோரும் அவருடைய நேரம் தவறாமையைப் புகழ வந்து உட்கார்ந்திருக்கிறோம். அங்கே மேட்டு வீட்டில் ஒரு பெண் துணிப்பையைக் கட்டி வைத்துவிட்டு அண்ணன் மாட்டிய கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் இறந்துபோனது அந்த அம்மாவுக்குத் தெரியாது. ஐந்து நாளாக யாரும் போய்ச் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டும். பயந்துகொண்டு தள்ளிப் போட்டேன். இன்று பதினொரு மணிக்கு அந்தப் பாதை காலியாக இருந்தால், அது அந்த அம்மாவுக்கு மூன்றாம் முறை.

இன்று காலை அண்ணியைப் பார்க்கப் போனேன். அழுவார், நானும் சேர்ந்து அழலாம் என்று போனேன். அண்ணி என்னைப் பார்த்ததும், "நீ இங்க என்ன பண்ற? இன்னைக்கு அந்த ஆட்டுக்காரம்மா கிழமையாச்சே" என்றார். "வீட்டுக்கு ஒருநாளும் சொன்ன நேரத்துக்கு வந்ததில்ல மனுசன். அங்கயாவது பேர் கெடாம இருக்கட்டும்" என்றார். அண்ணி, அந்தச் சொல்லோடுதான் இந்த மேடையில் ஏறினேன்.

நான் போனால் அந்த அம்மா வண்டியில் ஏறுவாரா? தெரியாது. வண்டியிலிருந்து இறங்கி நான் சொல்லப்போகும் முதல் செய்தியைக் கேட்டபின் என் முகத்தில் கதவைச் சாத்தினாலும் சாத்தலாம். அண்ணனுக்குப் பதிலாக நான் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சாத்தினால் அந்தக் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்திருப்பேன். நாளை உட்காருவேன், மறுநாளும் உட்காருவேன். அந்தக் காலுக்கு அதற்கு மேல் பொறுக்க நேரமில்லை என்பதையும் சொல்வேன்.

வழக்கமாக இங்கே, அவர் விட்ட பணியைத் தொடர்வோம் என்று உறுதி எடுக்க வேண்டும். எடுங்கள். எடுக்கும்போது கிழமையும் மணியும் சேர்த்து எடுங்கள். ஐந்து ஊர்க் கதவுகளிலும் அவர் எழுதி வைத்த நேரங்கள் இன்னும் அழியாமல் இருக்கின்றன. எது யாருடையது என்று கூட்டம் முடிவதற்குள் பிரித்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஒரு நிமிடம் எழுந்து நின்று மௌனம் காப்பீர்கள். என்னால் அதற்கு இருக்க முடியாது, அண்ணன் பொறுத்துக்கொள்வார். அவருக்கு ஒரு நிமிடத்தின் மதிப்பு தெரியும்.

சிறப்பு விருந்தினர் அவர்களே, தங்கள் கார் எங்கள் வண்டியை மறித்து வாசலில் நிற்கிறது. தயவுசெய்து எடுக்கச் சொல்லுங்கள். டாக்டர், எழுந்திருங்கள். சாக்பீஸ் என் பையில் இருக்கிறது.

மணி பத்து பதினாலு. தம்பி, வண்டிய எடுப்பா.