ஊர்ப் புள்ளடி

டண்டினொங்கில் ஒரு பள்ளிக்கூட வாசல். பூர்வகுடி மக்களுக்காக அரசியலமைப்பை மாற்றலாமா என்று கேட்கும் சர்வசன வாக்கெடுப்பு. வரிசையில் எனக்கு முன்னால், ஊரைவிட்டு வந்து இங்கே குடியேறிய ஒரு தமிழ்த் தம்பதி. முழங்கால் வலியோடு மனைவி மடக்குக் கதிரையில் இருந்தார்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் முந்தநாளே முன்கூட்டிப் போடுற இடத்தில போட்டிட்டியள். வீட்டில ஒரு வாக்குப் போதும். வாங்கோ போவம்."

"பொறுமப்பா. இந்த மண்ணின்ர பழைய சனத்துக்காகக் கேக்கினம். அங்க ஊரில எங்களிட்ட ஆர் கேட்டது?"

தேர்தல் ஊழியர் ஒருவர் வரிசை நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். பெட்டிக்குள் 'யெஸ்' அல்லது 'நோ' என்று எழுத வேண்டும், புள்ளடி, அதாவது பெருக்கல் அடையாளம், போட்டால் எண்ணமாட்டார்கள்.

கணவரின் முகம் கறுத்தது.

"நான் புள்ளடியெல்லோ போட்டனான்!"

"ஐயோ! தாளில போட்டிருந்ததை வாசிக்கேல்லையோ?"

"ஊரில வாக்கெண்டால் புள்ளடிதானே. கை தன்ர பாட்டில போட்டிட்டுது. திரும்பப் போட விடுவினமோ?"

"நல்லா விடுவினம்! மற்றவைக்குப் பாடம் எடுத்த ஆள்."

வரிசை நகர்ந்தது. மனைவி கணவரின் தோளைப் பிடித்து மெல்ல எழுந்தார்.

"நீங்கள் இந்தக் கதிரையில இருங்கோ. எங்கட வீட்டு யெஸ்ஸை நான் எழுதிப்போட்டு வாறன்."