கடைசிக் கட்டத்து வெளிச்சம்

ஸ்டேஷனில் உங்கள் அறை ட்யூப்லைட்டுக்கு ஸ்டார்ட்டர் போய்விட்டது, ஐயா. மாற்றச் சொல்லுங்கள். நாள் முழுக்க இதன் கீழே உட்கார்ந்து எழுதுகிறவருக்குத் தலைவலிதான் மிஞ்சும். எனக்கு அவசரம் எதுவும் இல்லை. நீங்கள் ஆள் அனுப்பி வரவழைத்தவனும் இல்லை, நானாக வந்தவன். அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

நான் வீடியோ கேம்களுக்குப் புரோகிராம் எழுதுகிறவன். அந்த ஆட்டம் இப்போது உங்கள் மேஜை மீதே கிடக்கிறது. துப்பாக்கியோடு ஒருவன் இடமிருந்து வலமாக ஓடுவான், ஓடிக்கொண்டே சுடுவான், நின்றால் செத்தான். ஒரு விஞ்ஞானக் கற்பனைப் படத்திலிருந்து எடுத்தது. கடல்கள் வற்றிப்போன காலத்தில், கடலடித் தரையில் புதைந்து கிடக்கும் இயந்திரப் பூச்சிகள் விழித்துக்கொள்கின்றன, ஒரே ஒரு காவலாளி அவற்றோடு மோதுகிறான். படம் வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது. ஆட்டம் பிய்த்துக்கொண்டு ஓடியது.

படத்தைப் பார்த்துவிட்டு ஆட்டத்தைச் செய்வோம் என்று நினைப்பீர்கள். அப்படி இல்லை. இரண்டும் ஒரே சமயத்தில் வெளிவர வேண்டும் என்பதால் நாங்கள் வேலையைத் தொடங்கியபோது படமே கிடையாது. ஓர் உறை நிறையப் புகைப்படங்களும் பாதிக் கதையும் வந்தன. முடிவைச் சொல்ல மாட்டார்களாம், வெளியே கசிந்துவிடுமாம். அந்தப் படத்தின் முடிவைத் திருடிக்கொண்டு போய் யார் என்ன செய்யப் போகிறார்கள் என்று நாங்கள் சிரித்தோம். ஆனால் அதனால்தான் கடைசிக் கட்டத்து எதிரியை நாங்களே உண்டாக்க வேண்டி வந்தது. நாங்கள் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். நான் உண்டாக்கினேன். பூச்சிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஒரே உடம்பாக எழுந்து நிற்கும். சுடச்சுட உதிரும், உதிர்ந்தவை ஓடிப்போய் வேறோர் இடத்தில் ஒட்டிக்கொள்ளும். டிவியோடு இணைத்து ஆடும் அந்தச் சின்னப் பெட்டியில் அத்தனை பூச்சிகளை ஓடவைக்க முடியாது என்று முதலாளியே கைவிரித்துவிட்டார். நான் ஓடவைத்தேன்.

ஆட்டத்துக்குப் படங்களை வரைந்தவன் மாப்பிள்ளை. என் தங்கையைக் கட்டியவன். அதற்கு முன் விடுதியில் என் அறைத்தோழன். ஒரு நாள் மதியம் பழுதான டிவி ஒன்று படபடவென்று வெட்டி வெட்டி மின்னியதைப் பார்த்துக்கொண்டிருந்தவன், கட்டிலிலிருந்து சரிந்து விழுந்தான், வலிப்பில் கைகால் இழுத்துக்கொண்டது. நான்தான் டிவியை அணைத்தேன், ஒருக்களித்துப் போட்டேன், வாயைத் துடைத்தேன். நினைவு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லிடாதடா, இது தெரிஞ்சா எனக்கு வேலையும் கிடைக்காது, பொண்ணும் கிடைக்காது" என்றான். சொல்லவில்லை. வேலை கிடைத்தது, நான்தான் சிபாரிசு செய்தேன். பெண்ணும் கிடைத்தாள், எங்கள் வீட்டிலிருந்தே. கல்யாணப் பேச்சு நடந்தபோதுகூட நான் வாயைத் திறக்கவில்லை. அவனுக்காகக் கூடப்பிறந்தவளிடமே ஒன்றை மறைத்தவன் நான். இதை மட்டும் நீங்கள் தெளிவாகக் குறித்துக்கொள்ள வேண்டும். எங்கள் இருவரில் விசுவாசம் யாரிடம் இருந்தது என்பது அப்போது விளங்கும்.

வெடி வெடிக்கும்போது திரை முழுவதும் மின்னக் கூடாது, வெடித்த இடம் மட்டும் கொஞ்சம் வெளுக்கலாம். அது அவன் போட்ட விதி. "கண்ணு கூசுது மச்சான், பார்க்க அசிங்கமா இருக்கு" என்று எல்லார் முன்னாலும் ரசனைக்காரன் மாதிரி சொல்லுவான். உண்மைக் காரணம் எனக்கும் அவனுக்கும்தான் தெரியும். நானும் தலையாட்டிவிட்டு ஒவ்வொரு வெடியையும் அடக்கியே எழுதினேன். என் எதிரி சாகிற காட்சிகூட நமத்துப்போன பட்டாசு மாதிரி இருந்தது. அவனுக்காக அதையும் பொறுத்துக்கொண்டேன்.

இரண்டு பேர் பெயரும் ஆட்டத்தின் முடிவில் வர வேண்டும் என்று முதல் நாளே பேசி வைத்திருந்தோம். எங்கள் தொழிலில் பெயர் போடுவது அபூர்வம். முதலாளி சம்மதித்ததே பெரிய காரியம். பெயர்ப் பலகையை வரைவது அவன் வேலை, திரையில் கொண்டுவந்து நிறுத்துவது என் வேலை. வேலை முடியும் தறுவாயில் அந்தப் படத்தைக் கொடுத்தான். போட்டுப் பார்த்தேன். உருவாக்கம் என்ற சொல்லுக்குக் கீழே அவன் பெயர் மட்டும், தகதகவென்று, நிழலெல்லாம் வைத்து, அழகாக வரைந்திருந்தான். என் பெயருக்கு வைத்திருந்த இடத்தில் ஒரு பூச்சியை வரைந்திருந்தான்.

"ஒரு பேருதான் வைக்கணும்னு முதலாளி சொல்லிட்டாரு மச்சான். அடுத்த ஆட்டத்துல உன் பேரு மட்டும் போட்டுக்கலாம், சரியா?"

"சரி மாப்ள" என்றேன்.

முதலாளியிடம் போய்க் கேட்டேன். அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. எந்தப் பெயர் வர வேண்டும் என்று மாப்பிள்ளையைத்தான் கேட்டாராம், தன் பெயர் மட்டும் போதும் என்று அவன் சொன்னானாம். கடைசி எதிரியைப் பற்றி அவரே ரொம்பப் பெருமையாகப் பேசினார். "உங்க மாப்பிள்ளைக்கு எப்படித்தான் இப்படி ஒரு யோசனை வந்துச்சோ" என்றார். படக் கம்பெனிக்காரர்களும் அதைக் கேட்டு அசந்துபோய், தாங்கள் புதிதாக ஆரம்பிக்கும் கேம் பிரிவுக்கு அவனையே தலைமைக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். எனக்குத் தெரியாதா என்று ஆச்சரியப்பட்டார்.

வயிறு எரிந்தது, ஐயா. அதை மறைப்பானேன். என் தலையில் மிளகாய் அரைத்ததுகூடப் பெரிதில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, என் தங்கை போட்ட சாப்பாட்டை என் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு, "ரசம் இன்னும் கொஞ்சம் ஊத்து" என்கிற மாதிரி சாதாரணமாக, "மச்சானுக்குக் கோபமே வராது" என்று அவளிடம் சொன்னான். நம்ப வைத்துக் கழுத்தறுத்தவனுக்குக் குரல்கூட மாறவில்லை. நானும் சிரித்தேன்.

இனி எங்கள் அலுவலக வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆட்டத்தைச் சிப்பில் ஏற்றியதும், மாப்பிள்ளை முதல் கட்டத்திலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் விளையாடிப் பார்ப்பான். அவன் ஜெயித்துக் காட்டிய பிறகு சிப் மீது ஸ்டிக்கர் ஒட்டிக் கையெழுத்துப் போடுவான். கையெழுத்து விழுந்த சிப்பை அதன் பிறகு யாரும் தொட மாட்டார்கள், பிரதி எடுக்க நேரே தொழிற்சாலைக்குப் போய்விடும். ஆனால் நடைமுறையில் அவன் கையெழுத்தை முதலிலேயே போட்டுவிட்டுத்தான் விளையாட உட்காருவான். ஜெயிக்கப் போவது நிச்சயம், பிறகு எதற்குத் தனியாக ஒரு வேலை என்பான். அந்த மெத்தனத்தை முதலாளியும் கண்டுகொள்ளவில்லை.

கடைசிச் சிப்பை நான் ஏற்றினேன். அடக்கி வைத்திருந்த வெடிகளில் ஒன்றை மட்டும் அவிழ்த்துவிட்டேன். என் எதிரி சாகும்போது திரை முழுவதும் சிவப்பும் வெள்ளையுமாக மாறி மாறி அடிக்கும்படி எழுதினேன். கண்ணை எடுக்கவும் முடியாது, ஏனென்றால் செத்துக்கொண்டே அது சுடும். உண்மையைச் சொன்னால் அந்தக் காட்சி அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அவ்வளவு பெரிய உடம்பு விழுவதற்கு ஏற்ற வெளிச்சம் அது. அதை நான் முன்பே செய்திருப்பேன், அவனுக்காக விட்டுவைத்திருந்தேன்.

மற்றவர்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். அவன் ஸ்டிக்கரில் கையெழுத்துப் போட்டு, சிப்பைச் செருகி, நாற்காலியைத் திரைக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டான். வேலை நெருக்கடியில் பல நாளாக அவனுக்குச் சரியான தூக்கம் இல்லை, அதுவும் எனக்குத் தெரியும். நான் என் மேஜையில் இருந்தேன். நன்றாக விளையாடினான். ஓர் உயிரைக்கூட இழக்காமல் கடைசிக் கட்டத்துக்கு வந்தான். வெளிச்சம் அடித்தபோது, "மச்சான், என்னடா இது" என்றான். அதோடு சரி.

தரையில் குப்புற விழுந்தான். ஒருக்களித்துப் போட வேண்டும், முகத்தை நிமிர்த்த வேண்டும், வெளிச்சத்தை அணைக்க வேண்டும். மூன்றும் எனக்குத் தெரியும், ஒருமுறை செய்தும் இருக்கிறேன். நான் எழுந்திருக்கவில்லை. அவனை நான் தொடவே இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். இழுப்பு அடங்கியது, பிறகு மூச்சும் அடங்கியது. திரையில் பெயர்ப் பலகை வந்து நின்றது. நான் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் தங்கை கேட்டாள். "அண்ணா, அவருக்கு இப்படி ஒரு நோவு இருந்துச்சுன்னு டாக்டர் சொல்றாரு. உனக்குத் தெரியுமாண்ணா?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்" என்றேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

சிப்பை நான் மாற்றி வைக்கவில்லை. சாவு வீட்டில் ஆயிரம் வேலை. முதலாளி அலுவலகத்துக்குப் போய்ப் பார்த்தபோது கையெழுத்தோடு அது பெட்டியில் செருகி இருந்திருக்கிறது. அவன் கடைசியாக முடித்துக்கொடுத்த வேலை என்று கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக எடுத்துத் தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டார். எனக்குத் தெரிய வந்தபோது இன்னும் அச்சு ஏறவில்லை. ஒரு தொலைபேசி அழைப்பு போதும். போனைக் கையில் எடுக்கவும் எடுத்தேன். ஏன் என்று கேட்பார்களே என்று வைத்துவிட்டேன். தவிர, ஆட்டம் அப்படித்தான் நன்றாக இருந்தது.

ஆட்டம் கடைகளுக்கு வந்து, விளையாடிய பிள்ளைகள் வலிப்பு வந்து விழுந்தது எனக்கும் வருத்தம்தான். ஆனால் கடைசிக் கட்டம் வரை வந்தவர்களுக்குத்தான் ஏதாவது ஆயிற்று, சுமாராக விளையாடுகிறவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடி மேஜை மீது விழுந்து செத்துப்போன அந்தச் சிறுமியின் அப்பா, "எம் பொண்ணு ரெண்டே நாள்ல கடைசி வரைக்கும் போயிட்டா" என்று செய்தியில் அழுதுகொண்டே சொன்னார். கெட்டிக்காரப் பெண். அவள் என் எதிரியை முழுதாகப் பார்த்திருக்கிறாள்.

நான் வந்த காரணம் இதுதான். உங்கள் விசாரணை முடிந்து, அந்த வெளிச்சத்தை வைத்தவன் மாப்பிள்ளை என்று எல்லாப் பத்திரிகையிலும் வந்துவிட்டது. பெயர் அவனுடையது, கையெழுத்தும் அவனுடையது, பிறகென்ன. இப்போது தங்கையால் தெருவில் நடக்க முடியவில்லை. பிள்ளைகளைக் கொன்றவன் பெண்டாட்டி என்று கடைக்காரன்கூடச் சாமான் தர மறுக்கிறான். கூடப்பிறந்தவளுக்கு இப்படி நடக்கும்போது எந்த அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருப்பான். அவளுக்காகத்தான் வந்தேன்.

எழுதியதைப் படித்துக் காட்டினீர்கள். எல்லாம் சரிதான், ஓர் இடம் தவிர. வெளிச்சத்தை மாற்றியமைத்தார் என்று போட்டிருக்கிறீர்கள். ஏற்கனவே யாரோ செய்து வைத்ததில் நான் கை வைத்தது மாதிரி இருக்கிறது. அதை அடித்துவிடுங்கள். கடைசி எதிரியும், அது சாகும் விதமும், அந்த வெளிச்சமும் முழுக்க முழுக்க இவருடைய உருவாக்கம் என்று எழுதி, கீழே என் பெயரைப் போடுங்கள். அவன் பெயர் அந்தப் பக்கத்தில் எங்குமே வர வேண்டாம், தங்கையின் மனசு கஷ்டப்படும்.