யான் ஊர்ச் சாலையில் வாங்கிய இளநீர்

சுந்தரி,

எனக்கு வண்டி ஓட்டப் பிடிக்கும். அறுபத்தெட்டு வயதிலும் நம் யான் ஊரிலிருந்து மெர்கோங் டயாலிசிஸ் நிலையம் வரை அவசரமில்லாமல் ஓட்டிப் போய்விடுவேன். டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன இடது கையை மடியில் வைத்துக்கொள்வேன்.

உன் அப்பா பக்கத்தில் இருந்தால் வழி போனதே தெரியாது. சர்க்கரை அவர் கண்ணைத் தின்றுவிட்டதால் வெளியே இருப்பதை நான்தான் சொல்லவேண்டும்.

"வயல்ல தண்ணி விட்டுட்டாங்களா, கிராணி?"

"விட்டாச்சு. கொக்கு நிக்குது."

"எத்தன? சும்மா சொல்லாதீங்க, எண்ணிச் சொல்லுங்க லா."

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து நான் ஓய்வுபெற்றுப் பல வருடமாகிறது. என்னைக் கிராணி என்று கூப்பிட அவர் ஒருவர்தான் மிஞ்சியிருந்தார்.

நிலையத்து நர்ஸ் சாந்தினி மிசி எங்களுக்கு அடுத்தடுத்த நாற்காலி கொடுத்திருந்தாள். வாரம் மூன்று நாள், நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடப்போம். மற்றவர்கள் தூங்குவார்கள், நாங்கள் பேசுவோம். மீதி நான்கு நாளும் நான் வாய் திறப்பதில்லை. மனைவி போய்விட்டாள், மகன் பெர்த்தில் இருக்கிறான். இதைக் குறையாகச் சொல்லவில்லை.

அப்போதுதான் நீ பினாங்கிலிருந்து அந்தச் செய்தியைச் சொன்னாய். அங்கே ஒரு மருத்துவமனையில் புதிய சிகிச்சை ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்கள். அப்பாவைச் சேர்த்துக்கொண்டால் உன் வீட்டோடு வைத்துக்கொள்ளலாம், இந்த இயந்திரத்தில் பாதி நாள் படுக்கவேண்டியதில்லை. மூன்று மாதம், மாதாமாதம் எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் ஒரு தடவையாவது பொட்டாசியம் சரியாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். "நீங்கதான் பாத்துக்கணும் அங்கிள்," என்றாய். பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

டயாலிசிஸ் செய்தால் உடம்பு சூடாகிவிடும் என்று நம்மவர்கள் நினைப்பது உனக்குத் தெரியும். உன் அப்பா இளநீருக்கு ஏங்குவார். எங்களுக்கு அது ஆகாது. அதில் உள்ள பொட்டாசியம் எங்கள் உடம்பை விட்டு வெளியேறாது. அவருக்கும் அது தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாலையோரக் கடையில் ஒன்று வெட்டி வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

"டாக்டரைக் கேட்டனான். வழுக்கை பிடிக்காத இளசெண்டால் ஒண்டும் செய்யாது."

"ஒண்டும் செய்யாதா?" என் யாழ்ப்பாணப் பேச்சை எப்போதும் போலக் கிண்டல் செய்தார். "கிராணி சொன்னா கவர்மெண்ட் சொன்ன மாதிரி."

நான் டாக்டரைக் கேட்கவில்லை. மறுநாள் திங்கட்கிழமை பரிசோதனை. இரண்டு நாள் இயந்திரம் இல்லாமல் இருந்த உடம்பு அது. பொட்டாசியம் எண் ஏறியிருந்தது.

அடுத்த மாதமும் அப்படித்தான். சாந்தினி அவரைத் திட்டினாள். "என்ன சாப்பிட்டீங்க அங்கிள்? பொய் சொல்லாதீங்க. இன்னும் ஏறினா ஹார்ட் நின்னுடும்." அவர் சிரித்துக்கொண்டே, "மீன் குழம்பு கொஞ்சம் கூடிப்போச்சு மிசி," என்றார். காரில் ஏறிய பிறகு என் தோளைத் தட்டினார். "உங்க பேரச் சொல்லல. பாவம், உங்கள ஏன் திட்டு வாங்க வெக்கணும்?"

சாந்தினி சொன்னதை நானும் கேட்டேன் என்பதை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன். நன்றாகவே கேட்டது.

மூன்றாவது மாதம் கடைசி வாய்ப்பு. அந்த ஞாயிறு இரண்டு வாங்கினேன். ஒன்று போதாமல் போய்விடலாம் என்ற கணக்கு. இரண்டையும் குடித்துவிட்டு, பினாங்கு போனாலும் வாரா வாரம் எனக்குப் போன் செய்வதாகச் சொன்னார். திங்கள் காலை அவர் வாசலில் ஹார்ன் அடித்தேன். மூன்று முறை அடித்துவிட்டுத்தான் இறங்கினேன்.

கருமக்கிரியையில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசிவரை அப்பாவுக்குத் துணையாக இருந்தது நான்தான் என்று எல்லாரிடமும் சொன்னாய். அது பொய்யில்லை. ஆனால் இளநீர் கொடுத்துக் கொன்றதும் நான்தான். பினாங்கில் அவருக்குப் பேச்சுத்துணைக்கு யார் இருந்திருப்பார்கள்? நீ ஃபேக்டரிக்குப் போய்விடுவாய். நாள் முழுக்க அவர் ஒரு அறையில் கிடப்பதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

பதினாறாம் நாள் வரை தினமும் போன் செய்தாய். பிறகு நின்றுவிட்டது. அப்பாவே இல்லாதபோது என்னிடம் கேட்க உனக்கு என்ன இருக்கிறது? இப்போது இருக்கிறது. போலீசில் சொல்வதானால் சொல், நான் மறுக்கமாட்டேன். அதற்கு முன் ஒரு தடவை நேரில் வா. எவ்வளவு நேரம் திட்டினாலும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

துரைசிங்கம்