பாக்கியரத்தினம் விதானையார் சாப்பிடாமல் போன நெய்ச்சோறு

பதினேழு ஆண்டுகள் எங்கள் பிரிவின் கிராம சேவகராக, ஊர் வாயில் விதானையாராக, கடமை புரிந்து, இன்று ஓய்வு பெறும் பெருமதிப்புக்குரிய திரு. பாக்கியரத்தினம் அவர்களுக்கு, உடன் பணியாற்றியோரும் பிரிவின் பொதுமக்களும் கிண்ணியாவில் கூடி அளிக்கும் பாராட்டு மடல்.

ஐயா,

எழுபத்துநான்காம் ஆண்டு ஒரு புதன்கிழமை எங்கள் வீட்டில் இருந்தவர்களின் பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். விசாரணைக்கு வந்த நீங்கள். வீட்டுக்குப் பொறுப்பாளனாகிய ஸெய்னுதீன், அதாவது இம்மடலை எழுதும் நான். அடுத்த வளவு முஹம்மது தம்பி. கூட்டுறவுக் கடை முகாமையாளரும் இவ்விழாக் குழுவின் தலைவருமான ஹிஸ்புல்லா. திரைக்குப் பின்னால், காலஞ்சென்ற என் தம்பி சரீபின் மனைவி நஜ்முன் நிஸாவும் அவர்களுடைய மகள் ஸுல்பிகாவும். வேறு ஒருவரும் இல்லை. அத்தனை பேரும் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். நான் எழுதியதில் பிழை கண்டவர் எழுந்து சொல்லலாம்.

பாராட்டு மடலை இப்படித் தொடங்குவது முறையல்ல என்பது எனக்குத் தெரியும். விழாக் குழு எனக்கு ஒரு மாதிரியும் தந்தது. நேர்மையின் நிலைக்களமே, கடமையின் கலங்கரை விளக்கமே, பொறுமையின் பொக்கிஷமே என்று அதில் ஒரு பக்கம் முழுவதும் இருந்தது. முதல் இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். பொறுமை உங்களுடையது அல்ல. உங்களிடம் கையெழுத்துக் கேட்டு வந்த எங்களுடையது.

பதினேழு ஆண்டுகளாக இந்தப் பிரிவு மக்களை நீங்கள் அலைக்கழித்திருக்கிறீர்கள். அரிசிக் கூப்பன் புத்தகத்தில் ஒரு பெயரைச் சேர்க்க வேண்டுமென்றால், அந்தக் குழந்தையை நீங்கள் கண்ணால் காண வேண்டும். வெள்ளத்தில் வீடு விழுந்தது என்றால், விழுந்த சுவரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். மற்ற ஊர் விதானைமார், துறையடியில் மறித்து நின்றால், பாதைப் படகில் ஏறுமுன் சைக்கிள் ஆசனத்தில் தாளை வைத்தே சான்று எழுதிக் கொடுப்பார்கள். நீங்கள் மட்டும், "வீட்டுக்கு வாறன். அங்க பாத்துத்தான் எழுதுவன்" என்று சொல்லிவிட்டு, முத்திரை இருந்த பையைக் கைக்குள் இடுக்கிக்கொண்டு போய்விடுவீர்கள். உங்களைத் திட்டாத வீடு இந்தப் பிரிவில் இல்லை. எங்கள் வீடும் திட்டியிருக்கிறது.

இந்தக் குணத்தைத்தான் இன்று பாராட்ட வேண்டியிருக்கிறது. அதற்கான காரணமும் எரிச்சலூட்டுவதாகவே இருக்கிறது.

இரண்டு கிழமைக்கு முன், என்னை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்றழைக்கும் ஹிஸ்புல்லா என் வீட்டுக்கு வந்தார்.

"காக்கா, விதானையாருக்கு மடல் ஒண்டு எழுதித் தாங்க. அந்தப் பென்ஷன் கதைய மட்டும் அதில போட வேணாம்."

"எந்தப் பென்ஷன் கதை?" என்று கேட்டேன்.

ஹிஸ்புல்லா நிலத்தைப் பார்த்தார். பிறகுதான் சொன்னார். பெயரில்லாத பெட்டிசம் ஒன்று மேலிடத்துக்குப் போயிருக்கிறதாம். வசதியான குடும்பம் ஒன்றுக்கு ஏழை என்று சான்று எழுதி, பல்கலைக்கழக உதவிப்பணம் வாங்கிக் கொடுத்து, உண்மையில் ஏழையான ஒரு பிள்ளையின் இடத்தை நீங்கள் பறித்தீர்களாம். உங்கள் ஓய்வூதியக் கோப்பை அதனால் நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். அந்த வசதியான குடும்பம் எங்களுடையது.

"உங்களுக்கு இது எப்ப தெரியும்?"

"மூணு மாசம் இரிக்கும், காக்கா."

"ஏன் வாயைத் திறக்கல்ல?"

"எப்படித் திறக்குற? திறந்தா கதிரைக் கதையும் வெளிய வருமே."

அந்தக் கதிரைக் கதையைத்தான் இப்போது இந்த மண்டபத்தில் நானே சொல்லப்போகிறேன்.

எங்கள் வீட்டை இன்றும் முதலாளி வீடு என்றுதான் ஊர் சொல்லுகிறது. என் தகப்பனார் தொடங்கிய புடவைக் கடையை நானும் சரீபும் நடத்தினோம். அந்தக் கடையில் கடனுக்குத் துணி எடுத்துக் கலியாணம் முடித்தவர்கள் இந்த மண்டபத்திலேயே பலர். பிறகு வெளிநாட்டுத் துணி வருவது நின்றது. சரீபும் மௌத்தானார். கடையின் பெயர்ப் பலகையை நான் இறக்கவில்லை. இறக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

அந்தக் காலத்தில்தான் ஸுல்பிகா பேராதனைக்குத் தெரிவானாள். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போகும் முதல் பிள்ளை. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் உதவிப்பணம் கேட்டு ஒரு விண்ணப்பம் வந்தது. குடும்பத்தின் வருமானம் என்ன, அது எங்கிருந்து வருகிறது, வீட்டில் என்ன இருக்கிறது, இத்தனையும் எழுதிக் கிராம சேவகரின் சான்றும் பெற வேண்டுமாம். அந்நியருக்கு முன்னால் ஒரு குடும்பம் தன் உடுப்பைக் களைந்து காட்டுவதற்கு இப்படி ஒரு பத்திரத்தை யார் அச்சடித்தார்களோ, எனக்குத் தெரியாது. அதைத் திருப்பி அனுப்பும்படி நான் சொன்னேன். நஜ்முன் நிஸா அனுப்பவில்லை.

"காக்கா, இந்தப் பேர்சரிப் பணம் இல்லாம புள்ள போக ஏலாது. பேர வச்சி விடுதியில சோறு போடுவாங்களா?" என்றார்.

உங்களுக்கு ஆள் அனுப்பினேன். புதன்கிழமை வருவதாகச் சொன்னீர்கள்.

அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வருகிறார் என்றால், அவரை எப்படி வரவேற்பது என்பது எங்களுக்குத் தெரியும். உட்காரக் கதிரைகள் முஹம்மது தம்பி வீட்டிலிருந்து பின்வேலியால் வந்தன. ஹிஸ்புல்லா வீட்டுப் பீங்கான் கோப்பைகளும் அதே வழியால் வந்தன. கடையில் மிஞ்சியிருந்த துணிச் சுருள்களைக் கண்ணாடி அலுமாரியின் முன்வரிசையில் அடுக்கினோம். முட்டையிட்டுக்கொண்டிருந்த இரண்டு கோழிகளையும் அறுத்தோம். நெய்ச்சோற்று வாசம் தெருக்கோடி வரை போனது. வாசல் திறந்திருந்தது, போகிற வருகிறவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

விருந்தினருக்காக இரவல் கொடுத்த பொருளைப் பற்றிக் கொடுத்தவர் ஒருநாளும் வாய் திறக்கக்கூடாது என்பது எங்கள் தெருவின் வழக்கம். அன்றிலிருந்து இன்று வரை முஹம்மது தம்பியும் ஹிஸ்புல்லாவும் அதைக் காத்தார்கள். அவர்கள் காத்தது என் மானத்தை. அதற்கான விலையை நீங்கள் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள் என்பது எனக்குத் தெரியாது.

நீங்கள் வந்தீர்கள். கதிரையில் இருந்தீர்கள். அலுமாரியைப் பார்த்தீர்கள், கோப்பையைப் பார்த்தீர்கள். விண்ணப்பத்தை எடுத்தீர்கள்; பேனையைத் திறக்கவில்லை.

"முதலாளி, இந்தக் கதிரையில இருந்துகொண்டு நான் இதை நிரப்பினா, பிள்ளைக்கு ஒரு சதமும் வராது."

"கதிரையைப் பார்த்து எழுதாதீங்க. புள்ள எடுத்த மார்க்ஸைப் பார்த்து எழுதுங்க."

"மார்க்ஸ் பாக்க நான் வாத்தியார் இல்லை. வீட்டைப் பாக்க வந்தனான்."

"பார்த்தீங்கதானே."

"இன்னும் பாக்கேல்லை" என்று சொல்லி எழுந்துவிட்டீர்கள்.

சாப்பிட்டுவிட்டுப் போகும்படி கேட்டேன். என் வாழ்நாளில் எவரிடமும் இரண்டாம் முறை கேட்டவன் அல்ல நான். உங்களிடம் மூன்று முறை கேட்டேன்.

"சாப்பிட்டா பிறகு கை எழுதாது, முதலாளி" என்று சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினீர்கள். சஹன் தட்டில் சோறு அப்படியே இருந்தது.

"விதானையார் போனாப் போறார். சோறு ஆறப்போகுது" என்று முஹம்மது தம்பி சொன்னார். நாங்கள் மூவரும் இருந்து சாப்பிட்டோம். என் வீட்டில் ஒரு விருந்தினர் கை நனைக்காமல் போனது அந்த ஒரு நாள்தான். அதை நான் இன்னும் மறக்கவில்லை. மறக்கும் எண்ணமும் இல்லை.

சில நாள் கழித்து, ஒருவருக்கும் சொல்லாமல், காலை வெயிலில் வந்து நின்றீர்கள். கதிரைகள் வேலிக்கு அப்பால் போயிருந்தன. நான் வீட்டின் முன்பக்கத்தில் பூட்டிக் கிடந்த கடைக்குள் இருந்து தையல் மெஷின் மிதித்துக்கொண்டிருந்தேன். திருகோணமலை நகரில் ஒரு வியாபாரிக்கு உடுக்கும் சாரத்தின் இரு தலைப்பையும் சேர்த்து மூட்டிக் கொடுப்பதுதான் அப்போது என் தொழில். மூட்டிய சாரங்களைப் பொதியாகக் கட்டிப் பாதைப் படகில் கொண்டுபோகும்போது, ஸெய்னுதீன் முதலாளி சரக்கு ஏற்றுகிறார் என்று ஊர் நினைத்தது. நினைக்கட்டும் என்று நானும் விட்டிருந்தேன்.

மெஷின் சத்தம் நிற்கும்வரை நீங்கள் கதவைத் தட்டவில்லை. நின்ற பிறகுதான் இருமினீர்கள். உள்ளே வந்து, இருந்த ஒரே மர வாங்கில் இருந்தீர்கள். வெறும் தேத்தண்ணி கேட்டீர்கள்.

"சீனி இல்ல" என்று திரைக்குப் பின்னாலிருந்து நஜ்முன் நிஸா சொன்னார்.

"எங்கட வீட்டிலயும் இல்லை, தங்கச்சி. சும்மா தாங்கோ." குடித்து முடித்துக் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். "இப்பதான் முதலாளி, நான் உங்கட வீட்டுக்கு வந்திருக்கிறன்."

விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் 'வியாபாரம்' என்று எழுதச் சொன்னேன். நீங்கள் 'சாரம் மூட்டும் கூலி' என்று எழுதினீர்கள். நான் கையெழுத்து வைக்க மறுத்தேன். நீங்கள் எழுந்திருக்க மறுத்தீர்கள். லுஹர் தொழுகைக்குப் போய்த் திரும்பினேன். அதே வாங்கில் இருந்தீர்கள். அஸர் தொழுகைக்குப் போய்த் திரும்பினேன், அப்போதும் இருந்தீர்கள். இப்படி ஒரு பிடிவாதத்தை நான் கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறேன்.

கடைசியில் நஜ்முன் நிஸாதான் சொன்னார்: "காக்கா, கையெழுத்து வைக்காட்டி விதானையாருக்கு ராச்சாப்பாடும் குடுக்கவேணும். வீட்டில அரிசி இல்ல."

அது உங்கள் காதில் விழாதது போலத் தலையைக் குனிந்து முத்திரையைத் துடைத்தீர்கள். நான் கையெழுத்து வைத்தேன்.

ஸுல்பிகா பேராதனைக்குப் போனாள். விஞ்ஞானப் பட்டம் எடுத்தாள். இன்று இதே ஊரில் பெண்பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள். அதோ, இரண்டாம் வரிசையில் இருக்கிறாள்.

விசாரணைக்கு வந்த உத்தியோகத்தரிடம் நீங்கள் இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். ஒரு வரி போதும். ஆனால், "நான் கண்டதை எழுதினனான். அந்த வீட்டுக் கதை எனக்குத் தெரியாது" என்று மட்டும் சொன்னீர்களாம். என் வீட்டு மானத்தைக் காப்பாற்றும்படி நான் உங்களிடம் கேட்கவில்லை, ஐயா. அதைக் காப்பாற்ற நான் இருக்கிறேன். உங்கள் ஓய்வூதியத்தை அதற்காகப் பணயம் வைக்க உங்களுக்கு யார் உரிமை தந்தார்கள்? இதுதான் உங்கள் மேல் எனக்குள்ள கடைசிக் குறை. இந்த மடலின் பிரதி ஒன்று, என் கையெழுத்துடன், நேற்றே மேலிடத்துக்குப் போய்விட்டது. முஹம்மது தம்பியும் ஹிஸ்புல்லாவும் சாட்சிக் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். வழக்கத்திலிருந்து நான் அவர்களை விடுவித்துவிட்டேன்.

இறைவன் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் நோயற்ற உடலையும் தருவானாக. ஓய்வூதியம் காலம் தவறாமல் வந்து சேரட்டும். இனி முத்திரைப் பை உங்கள் கையில் இல்லை. கை எழுதாது என்ற சாட்டும் செல்லாது. வரும் வெள்ளிக்கிழமை பகல் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். கதிரைகள் இம்முறை எங்களுடையவை. ஸுல்பிகா வாங்கியவை.

இம்மடலைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டும்போது கீழே வரும் பகுதியை வெட்டக்கூடாது என்று விழாக் குழுவுக்குச் சொல்லியிருக்கிறேன்.

முதலாளி வீட்டில் நெய்ச்சோறு சாப்பிட்டுவிட்டுப் பாக்கியரத்தினம் விதானையார் பொய்ச் சான்று எழுதினார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அது தவறு. அவர் சாப்பிடவில்லை. சான்றும் பொய்யல்ல. நாங்கள் அப்போது ஏழைகளாக இருந்தோம்.

இங்ஙனம்,
பிரிவு உத்தியோகத்தர்கள், பொதுமக்கள் சார்பில்
ஸெய்னுதீன்
கிண்ணியா, 1980