புகைக்கு முன்னால் ஓடினோம்

ஓடுகிறோம். நான் முன்னால். மகள் பின்னால். இருவர் முகத்திலும் நனைத்த துவாய். காற்று முதுகில் அடிக்கிறது. காற்றோடு கரும்புகையும் வருகிறது. வீடு ஏற்கனவே அதற்குள் மறைந்துவிட்டது.

"திரும்பிப் பாக்காத! மூச்ச அடக்கு! ஓடு புள்ள!"

2003 மார்ச். ஈராக்கில் போர் தொடங்கிய வாரம். நாங்கள் இருந்தது குவைத்தில். ஜஹ்ரா நகரைத் தாண்டி, பாலைவனத்துக்குள், எங்கள் முதலாளியின் ஆட்டுப்பண்ணை வீடு. நான் சமையல். மகள் தர்சினி பிள்ளை பார்ப்பது. முதலாளி குடும்பம் இரண்டு நாள் முன்பே சவூதிக்குப் போய்விட்டது. விஷப்புகைக்கு முகமூடிகள் வாங்கியிருந்தார்கள், தங்கள் குடும்பத்துக்கு மட்டும். எங்களுக்கு இல்லை. எங்கள் பாஸ்போர்ட் அவர்களின் பெட்டியில். வெளிக்கதவைப் பூட்டிவிட்டு முதலாளியின் மனைவி, மேடம், காருக்குள்ளிருந்து சொன்னாள். விஷப்புகை வந்தால் பூண்டு மணக்கும். மணத்தால் ஓடுங்கள்.

அன்று காலை முதலில் சைரன். ஜஹ்ராப் பக்கமிருந்து, ஏறி இறங்கும் ஊளை. பிறகு தலைக்கு மேல் துணி கிழிவதுபோல் ஒரு சத்தம். பிறகு வெடி. ஜன்னல் கண்ணாடி முழுக்க உள்ளே கொட்டியது. ஏவுகணையா, அதை வானில் அடித்த மற்றொன்றின் துண்டா, இன்றுவரை தெரியாது. பண்ணைக்குப் பின்னால் விழுந்தது. உடனே புகை. என்ன மணக்கிறது என்று நின்று பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகக் குதித்தோம். என் கை கிழிந்தது. மதிலில் ஏறினோம். அந்தப் பக்கம் வெறும் மணல். புகை இன்னும் எட்டாத ஒரே பக்கம் அதுதான்.

பண்ணையில் இன்னொரு ஆள் உண்டு. ஆடு மேய்க்கும் ஷஃபிக். பங்களாதேஷ்காரர். அவருக்கும் முகமூடி இல்லை. விடியவே ஆடுகளோடு போயிருந்தார். தூரத்தில் தண்ணீர் வண்டியும் அதன் பக்கத்தில் அவரும் தெரிகிறார்கள். இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டுகிறார். எங்களை வரச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். இன்னும் வேகமாக ஓடுகிறேன். அவர் கத்துவது கேட்கவில்லை. காற்று அவர் குரலை அந்தப் பக்கம் கொண்டுபோகிறது.

ஒரு கம்பியில் கால் தடுக்கியது. விழுந்தேன். மணலுக்குள் பாதி புதைந்த முள்ளுக்கம்பி. அதில் துருப்பிடித்த ஒரு தகடு. முக்கோணம். சிவப்பு கொஞ்சம் மிச்சம் இருந்தது.

எனக்கு அந்த முக்கோணம் தெரியும். நான் மட்டக்களப்புக்காரி. இப்படித் தகடு தொங்கிய வயலில் எங்கள் ஊரில் யாரும் நெல் விதைப்பதில்லை. மிதிவெடி. இந்த நாட்டில் முன்பு நடந்த போரில் புதைத்தது. பன்னிரண்டு வருஷமாக மணலுக்குள் கிடக்கிறது. நாங்கள் வேலிக்கு வெளியே நிற்கவில்லை. உள்ளே நின்றோம். கம்பி எங்களுக்கு முன்னாலும் கிடந்தது, பின்னாலும் கிடந்தது. எந்தப் பக்கம் போனால் வெளியே என்று தெரியவில்லை.

"நில்லு! அசையாத!"

மகள் நின்றாள். வந்த தடத்தைப் பார்த்தேன். காற்று அழித்துக்கொண்டிருந்தது. பின்னால் புகை. இருமல் வந்துவிட்டது அவளுக்கு. அங்கேயே நின்றால் விஷம் குடித்துச் சாவாள் என்று நினைத்தேன். ஷஃபிக் நின்ற திசைக்குப் போவதென்று முடிவெடுத்தேன்.

"என்ட காலடியில மட்டும் கால் வை. வேறெங்கயும் வைக்காத. விளங்கிச்சா?"

"ஓம்."

ஒரு அடி வைக்கிறேன். முழுப் பாரத்தையும் அழுத்துகிறேன். ஒன்றும் இல்லை. அடுத்த அடி. அவள் பின்னால் வருகிறாள். அவள் மூச்சு என் முதுகில் படுகிறது. தள்ளி வா என்கிறேன். தள்ளி வருகிறாள். வெடித்தால் நான் மட்டும் போகவேண்டும். அதுதான் என் கணக்கு. அந்த அளவுக்குத்தான் எனக்குத் தெரியும்.

என் பாரத்துக்கு அது வெடிக்கவில்லை. நான் மிதித்த அதே இடத்தில் அவள் மிதித்தாள்.

சத்தம் பெரிதல்ல. மூடிய அறைக்குள் கதவை அறைவதுபோல் இருந்தது. முகம் குப்புற விழுந்தேன். இடது காதில் ஒரு விசில். வேறெதுவும் கேட்கவில்லை. திரும்பினேன். அவள் உட்கார்ந்திருந்தாள். வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கால் இருந்த இடத்தில் மணல் கறுப்பாக இருந்தது. அவள் வாய் திறந்து மூடியது. பிறகுதான் குரல் வந்தது.

"அம்மா! வராத! அம்மா, வராத!"

போனேன். எங்கே கால் வைத்தேன் என்று பார்க்கவில்லை. துவாயை முழங்காலுக்கு மேல் கட்டி முறுக்கினேன். தூக்கப் பார்த்தேன். முடியவில்லை. பதினாறு வயதுப் பிள்ளை. நல்ல உயரம்.

ஷஃபிக் வந்தார். தண்ணீர் வண்டியைக் கம்பி ஓரம்வரை ஓட்டிவந்து நிறுத்தினார். கையில் ஆடு ஓட்டும் கம்பு. அதைக் கொண்டு மணலைக் குத்திக் குத்தி உள்ளே வந்தார். மகளைத் தோளில் போட்டார். வந்த வழியே திரும்பினார். நான் அவர் தடத்தில் நடந்தேன். வண்டியில் அவளைக் கிடத்தினார்.

எனக்கு இன்னும் சில அடிதான் இருந்தது. கால் எழவில்லை. மனம் போ என்கிறது. கால் மரக்கட்டைபோல் நிற்கிறது. ஷஃபிக் பார்த்தார். திரும்பி வந்தார். கை நீட்டினார்.

"ஆவோ, பஹன். ஆவோ."

வா, சகோதரி. பண்ணையில் எங்களுக்குள் அரைகுறை இந்திதான். கையைப் பிடித்தேன். இழுத்து என்னை முன்னால் விட்டார். எனக்கு வழிவிடத் தடத்தை விட்டு ஓரடி விலகினார்.

இந்தச் சத்தம் வேறு. பெரிது. அவர் கை என் கையை விட்டுப் போனது.

வீதியில் போன இராணுவ லொறி ஒன்று திரும்பி வந்தது. ஏற்றியது எங்களை மட்டும். அவரைச் சுட்டிக் காட்டினேன். சிப்பாய் இல்லையென்று தலையசைத்தான். "கலாஸ்," என்றான். முடிந்தது.

ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே வெட்டினார்கள். அந்த வார்டில் ஒரு தமிழ் நர்ஸ் இருந்தாள். கன்னியாகுமரிக் கடற்கரைப் பெண். மகளின் அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அக்கா, இதுல இருபத்தி நாலுன்னு இருக்கு. இந்தப் புள்ளைக்கி பதினாறுக்கு மேல இருக்காதுன்னு டாக்டர் சொல்றாரு. புள்ள தன் பேரும் வேற சொல்லுது. இவ ஒங்களுக்கு யாரு?"

"என்ட மகள்."

"பொறவு ஏன் இப்படி?"

சொன்னேன். ஊரில் இயக்கத்துக்காரர் பிள்ளைகளைச் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். பக்கத்து வீட்டில் பிடித்தார்கள். அடுத்தது என் வீடு. வேறொருத்தியின் பேரில் பாஸ்போர்ட் எடுத்து, வயதைக் கூட்டி, இங்கே கொண்டுவந்தேன். வீட்டுக்காரர் முன்னால் என்னை அக்கா என்று கூப்பிடப் பழக்கினேன். போரிலிருந்து தப்ப வைக்கத்தான் கொண்டுவந்தேன்.

அவள் அட்டையை என் கையில் வைத்தாள். பிறகு நான் கேட்டேன்.

"அந்த விஷப்புகையில எத்தினை பேர் செத்த?"

"விஷப்புகையா? அப்படி ஒண்ணும் வரலியே அக்கா. பண்ணைக்குப் பின்னால பழைய டயர் குவிச்சுப் போட்டிருந்திருக்கு. அதுதான் எரிஞ்சிருக்கு."

மேடம் ஒரு மாதம் கழித்து வந்தாள். போர்வைக்குக் கீழே பள்ளமாகக் கிடந்த இடத்தைப் பார்த்தாள். வீட்டைப் போட்டுவிட்டு ஓடிய வேலைக்காரிகள் என்று பொலிசில் எழுதிக் கொடுத்திருந்தாள். எங்களை ஊருக்கு ஏற்றிவிட்டார்கள். விமானத்தில் மகள் ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தாள். ஒரே ஒரு தடவை பேசினாள்.

"நீங்க சொன்ன இடத்திலதான் வைச்சன்."



இழந்ததைச் சொல்கிறேன். மகளின் வலது கால். என் இடது காது. அந்தக் கால் போனதாக எழுதிய எல்லாத் தாளிலும் இருப்பது வேறொருத்தியின் பேர். அதனால் தர்சினி என்ற என் பிள்ளைக்கு எந்த ஊர்ச் சட்டத்திலும் ஒன்றும் நடக்கவில்லை.

ஷஃபிக். அவருடைய முழுப் பேர் எனக்குத் தெரியாது. ஊர் தெரியாது. வீட்டில் யார் இருந்தார்கள் என்று நான் கேட்டதில்லை. புதிய போரில் செத்தவர்களை எண்ணியபோது அவரைச் சேர்க்கவில்லை. அது பழைய மிதிவெடி என்றார்கள். பழைய போரின் கணக்கை எப்போதோ மூடிவிட்டார்கள். நான் சேர்க்கிறேன். ஒரு ஆள்.