கதவுக்கு வெளியே தேவதாஸ்

அமெரிக்காவில், இந்த வெஸ்ட் வின்ட்சரில் வீடுகளை மரத்தால் கட்டுகிறார்கள். கட்டடக் கலைஞனான எனக்கு முதலில் அது வேடிக்கையாக இருந்தது. வாசலில் ஒருவர் இருமினால்கூட உள்ளே கேட்கும்.

வெள்ளைக்காரர் காலத்தில் நான் சென்னை மாகாண அரசின் கட்டடக் கலைஞன். 1939-இல், நான் வரைந்த பிரசவ ஆஸ்பத்திரியின் கூரை இடிந்து பதினோரு பெண்கள் இறந்தார்கள். உத்தரங்கள் தாங்காது என்று எனக்கு வரைபடம் போட்டுக்கொடுத்த டிராஃப்ட்ஸ்மேன் தேவதாஸ் முன்பே கடிதம் எழுதியிருந்தார். படித்துக் கையெழுத்திட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்திருந்தேன். விசாரணையில், அப்படியொரு கடிதமே இல்லை என்றேன். அவராலும் அதைத் தேடியெடுக்க முடியவில்லை. அளவைத் தப்பாகப் போட்டவர் அவர்தான் என்று தீர்ப்பாகி, நான்கு வருடம் சிறையில் இருந்தார்.

நான், அந்நியனிடம் வேலை பார்க்க மாட்டேன் என்று ராஜினாமா செய்தேன். அதற்காக மேடைகளில் மாலை போட்டார்கள். இரண்டு முறை சட்டசபைக்குப் போனேன். ஒரு முறை மந்திரியாகவும் இருந்தேன்.

1985 ஜனவரியில் என் மகள் ஷ்யாமளாவின் வீட்டுக்கு போன் வந்தது.

"கஸ்தூரிரங்கன் சாரா? தேவதாஸ் பேசறேன். பார்சிப்பனில பொண்ணு வீட்டுக்கு வந்திருக்கேன். அந்த லெட்டர் கெடைச்சுடுச்சு சார். பழைய டிராயிங் சுருளுக்குள்ள இருந்திருக்கு. உங்கள ஒரு தடவ பாக்கணும்."

வரச் சொன்னேன். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அவர் மகள் டாக்டர் அமலி அவரைக் காரில் கொண்டுவந்து இறக்கினாள். ஷ்யாமளா ஆபீஸுக்குப் போயிருந்தாள். நான் ஜன்னலிலிருந்து கையசைத்தேன். அமலியும் கையசைத்துவிட்டு டியூட்டிக்குப் போனாள். பக்கத்து வீடுகளுக்கு இன்னும் யாரும் குடிவரவில்லை. அவருக்கோ முழங்கால் வலி. அந்தப் பனியில் தெருமுனைவரைகூட நடக்க முடியாது.

தாழ்ப்பாளில் கை வைத்தேன். திறக்க முடியவில்லை.

"சார், தொறங்க. ரொம்பக் குளுருது."

மூச்சுச் சத்தம் கேட்காமல் நின்றேன்.

"யார்கிட்டயும் காட்டல சார். கோர்ட்டுக்குப் போற வயசா இது? உங்ககிட்டயே குடுத்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

கதவில் தபால் போடும் துளை வழியாகக் கடிதம் உள்ளே விழுந்தது. ஓரத்தில் என் கையெழுத்து. அடுப்பில் கொளுத்திச் சாம்பலைக் கழுவி விட்டேன். பயம் போகவில்லை. திறந்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

பத்தரைக்கு அமலி போன் செய்தாள்.

"அங்கிள், அப்பா ஓகேவா? கோட்ட கார்லயே விட்டுட்டாரு. ஹார்ட் ப்ராப்ளம் வேற இருக்கு, அதான் கால் பண்ணேன்."

"நன்னா இருக்கார்மா. காபி சாப்ட்டுண்டிருக்கார்."

அப்போதும் அவர் உள்ளங்கையால் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மணிவரை கேட்டது. சாயங்காலம் ஷ்யாமளா வாசலில் அவர் உடலைப் பார்த்தாள்.

ரயில் ஸ்டேஷனுக்கு நடந்து போவதாகச் சொல்லிக் கிளம்பினார், வழியில் முடியாமல் திரும்பி வந்திருப்பார் என்று போலீஸிடம் சொன்னேன். எண்பது வயதுக்காரனை அவர்கள் அதற்கு மேல் கேட்கவில்லை. அடக்கத்தன்று அமலி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"லாஸ்ட்ல உங்களோட உக்காந்து சந்தோஷமாப் பேசிட்டிருந்தாரே அங்கிள், அது போதும்."

பயம் ஒரு மனிதனை என்ன செய்யும் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். அவர் இன்னும் ஒரே ஒரு முறை தட்டியிருந்தால் நிச்சயம் திறந்திருப்பேன்.